அனுப்பாத குரல்

நாளையிலிருந்து என் நாற்காலியில் மாறி மாறி உட்காரப் போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். ஓய்வு பெறுகிற வயது எனக்கு ஆகவில்லை. ஏழாவது மாதம். இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூத்தவன் யூ.கே.ஜி. இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. வருவேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். சொன்னதிலிருந்து, ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் இப்படிப்பட்டவள். இதைப் படிக்கும்போது அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றாட வேலையை அடுத்த மேசையில் இருக்கும் சுகந்தி சொல்லித்தருவாள். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே பாடம் நடத்துகிற பிரிவு நம்முடையது. புதிதாக எந்தச் செயலியையும் இறக்கச் சொல்ல மாட்டோம். அந்த வீட்டில் ஏற்கெனவே எது இருக்கிறதோ, பெரும்பாலும் வாட்ஸ்அப், கொஞ்சம் யூடியூப், எப்போதாவது வீடியோ கால், அதில்தான் பாடம். ஒரு குழந்தைக்குப் போகிற பாடம் இன்னொரு குழந்தைக்குப் போகாது. காலில் கம்பி வைத்துப் படுத்திருந்த பையனுக்கு, அவன் நாள் முழுக்கப் பார்த்த கிரிக்கெட் வீடியோக்களிலிருந்தே கணக்கு எடுத்தோம். வலிப்பு வருகிற பெண்ணுக்குத் திரையே கூடாது, எல்லாம் குரலில்தான். இதெல்லாம் பழகிவிடும்.

பழகாத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு குழந்தை இருக்கிறாள், வினோதினி என்று. அடுத்த வாரம் அவள் உங்களிடம் வருகிறாள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பிரிவின் பெரிய தலைவலி குழந்தைகள் அல்ல, அம்மாக்கள். நானும் ஓர் அம்மா என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். என் மகன் மாம்பழத்துக்கு வண்ணம் தீட்டினால், கோட்டுக்கு வெளியே போன மஞ்சளை அழிரப்பரால் அழித்துத் தருகிற கை என்னுடையது. அவன் டீச்சர் சிரித்துக்கொண்டே "ஓரம் ரொம்ப நீட்டா இருக்கே மேடம்" என்றபோது வேறு பக்கம் பார்த்தேன். வீட்டில் படிக்கிற குழந்தையின் விடைத்தாள் போட்டோவில் வரும்போது, அதில் எவ்வளவு குழந்தை, எவ்வளவு அம்மா என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலையில் பாதி. அதனால்தான் மேடம் ஒரு விதி வைத்திருக்கிறார். மேடம் என்றால் நம் தலைமையாசிரியை. எழுத்தை நம்பாதே, குழந்தை வாய்விட்டுப் படிக்கிறதைக் கேள், கேட்ட பிறகுதான் அடுத்த வகுப்பு.

வினோதினிக்கு வந்த சிக்கல் அந்த விதியால்தான் வந்தது. அவள் பேச மாட்டாள்.

ஊமை இல்லை. வீட்டுக்குள் பேசுவாள், வாசலைத் தாண்டினால் குரல் வராது. மூன்றாம் வகுப்பு முழுவதும் வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை. பசங்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். ஒரு நாள் காலையில் அவள் சீருடையைப் போட மறுத்துவிட்டாள். அதன் பிறகு வரவே இல்லை. குழந்தை மருத்துவர், இது பயத்தின் ஒரு வகை, வற்புறுத்தினால் இன்னும் உள்ளே போய்விடும், தானாக வரட்டும் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் நான்காம் வகுப்பில் அவள் என்னிடம் வந்தாள்.

நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர்கள் வீடு. தொடக்கத்தில் ஒருமுறை போயிருந்தேன். முன்னறையில் தையல் மிஷின். அவள் அம்மா தனலட்சுமி ரவிக்கை தைக்கிறார். அப்பா நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறார். நான் போனபோது குழந்தை கட்டிலுக்கு அடியில் இருந்தாள். இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"யாராச்சும் வந்தா போதும் மிஸ், வாயில பூட்டு," என்றார் தனலட்சுமி.

அவள் அப்பா சிரித்தார். "எங்கிட்ட வாயே மூடாது மிஸ். லீவு நாள்ல போட்ல குந்த வெச்சிக்கினு போனா, டூரிஸ்ட்டுங்கள ஒவ்வொருத்தரா பாத்து எங்காதுல கமென்ட் அடிக்கும். சிரிச்சி சிரிச்சி ஸ்டியரிங்க உட்டுடுவேன்."

கட்டிலுக்கு அடியில் ஒரு பாதம் இன்னொரு பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதில்.

பாடம் இப்படி நடந்தது. காலையில் பத்து மணிக்கு அம்மாவின் போன் அவள் கைக்கு வரும். பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவேன், நானே படித்து ஒரு குரல் பதிவும் அனுப்புவேன். அவள் விடைகளை எழுதிப் படம் எடுத்து அனுப்புவாள். எழுத்து அழகாக இருந்தது, அளவுக்கு மீறி அழகாக இருந்தது. ரவிக்கைக்கு அளவு எழுதுகிற கைதான் இதையும் எழுதுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகப்பட்டதற்காக ஒரு வருத்தம். வருத்தப்படுகிறோமே, சந்தேகம் சரியாக இருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு சந்தேகம்.

மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அதைப் பார்த்தேன். பாடத்தை அனுப்பிவிட்டு அவளுடைய வாட்ஸ்அப் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன். மேலே பெயருக்குக் கீழே, 'ரெக்கார்டிங் ஆடியோ' என்று பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. எதிரில் இருப்பவர் மைக்கை அழுத்திக் குரல் பதிவு செய்கிறார் என்று அர்த்தம். நீங்கள் தினமும் நூறு முறை பார்க்கிற வரிதான். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நம் பிரிவில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை எதையாவது அனுப்பத் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது, உடனே உற்சாகமாக ஏதாவது அனுப்ப வேண்டும். கைதட்டல், நட்சத்திரம், 'சூப்பர் செல்லம்'. பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்தது அப்படி. மற்றவர்கள் சொன்னதை அப்படியே செய்கிறவள் நான். இரண்டு கைதட்டலும் ஒரு நட்சத்திரமும் அனுப்பினேன்.

வரி மறைந்தது. எதுவும் வரவில்லை. விரலை இடதுபக்கம் இழுத்தால் பதிவு செய்ததெல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் இழுத்துவிட்டிருந்தாள்.

மறுநாளும் வரி வந்தது, நானும் கைதட்டினேன், வரி போய்விட்டது. அதற்கடுத்த நாளிலிருந்து வரியே வரவில்லை. ஒரு குழந்தை யாரும் இல்லை என்று நினைத்து இருட்டில் ஓரடி எடுத்துவைக்கிற நேரம் பார்த்து, நான் விளக்கைப் போட்டுக் கைதட்டியிருக்கிறேன் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

சுகந்தியிடம் சொன்னேன். அவள் வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெய் போக ஒற்றிக்கொண்டே ஒரு வழி சொன்னாள்.

"நீ ஆன்லைன்ல இருக்கறது அவளுக்குத் தெரியுது இல்ல, அதான் பயப்படறா. செட்டிங்ஸ்ல போயி அத மறைச்சிடுடி. ஒளிஞ்சி நின்னு பாரு. அவ பாட்டுக்குப் படிப்பா."

"ஒளிஞ்சி நின்னா?"

"இன்னாடி, போலீசா வரப் போவுது? குழந்தைய அம்மா ஒளிஞ்சி பாக்கறதில்ல?"

பார்ப்பதுண்டு. என் மகன் தனியாக விளையாடும்போது கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன். ஒரு நாள் அவன் திரும்பிப் பார்க்காமலேயே, "அம்மா, பாக்கறேன்னு சொல்லிட்டுப் பாரும்மா" என்றான். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் சுருக்கென்றது.

செட்டிங்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். மறைத்துக்கொண்டால் அவள் படிக்கலாம். ஆனால் என்றாவது தெரிந்தால்? வாசலைத் தாண்டி அவள் நம்பியிருக்கிற ஒரே ஆள் நான் என்றால், அந்த ஆள் கதவுக்குப் பின்னால் நின்றவளாக இருக்கலாமா? மறைக்காமல் விட்டால் அவள் படிக்கவே மாட்டாளோ? எது சரி என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துதான் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியில் மறைக்கவில்லை. அவளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன்.

"வினோ, நீ மைக்க அழுத்தினா உன் பேருக்குக் கீழ ஒரு பச்சை வரி வரும். அது எனக்குத் தெரியும். நீ என்ன சொல்றன்னு எனக்குக் கேக்காது. கொஞ்சம்கூட கேக்காது. நீ அத அனுப்பணும்னு இல்ல. படிச்சிட்டுத் தூக்கிப் போட்டுடு. நான் கைதட்ட மாட்டேன். சும்மா இங்க இருப்பேன்."

அனுப்பிய மறு நொடியே பயம் வந்துவிட்டது. எனக்குத் தெரிகிறது என்று சொல்லியிருக்கக் கூடாதோ? இனி மைக்கையே தொட மாட்டாளோ? அழித்துவிடலாம் என்று அழுத்தப் போனேன். அதற்குள் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன.

அந்த வாரம் எதுவும் வரவில்லை. சுகந்தி என்னிடம் பஜ்ஜிகூட நீட்டவில்லை. திங்கட்கிழமை பாடத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பச்சை வரி வந்தது.

நான் எதையும் தொடவில்லை. வரி இருந்தது. இருந்துகொண்டே இருந்தது. சுகந்தி எதையோ சொல்ல வாயெடுத்தவள் என் முகத்தைப் பார்த்து எழுந்து வந்தாள். இரண்டு பேரும் குனிந்து அந்த வரியைப் பார்த்தோம். ஆயாம்மா டீ கொண்டுவந்தபோது சுகந்தி உதட்டில் விரலை வைத்தாள். எங்கள் சத்தம் நெல்லித்தோப்புக்குக் கேட்காது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றோம். அந்த மார்க்கெட்டின் இரைச்சலுக்கு நடுவில், கட்டிலுக்கு அடியிலோ மிஷினுக்குப் பின்னாலோ, ஒரு குழந்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் படிக்கிறாள் என்பது மட்டும்தான். எப்படிப் படிக்கிறாள், எங்கே திக்குகிறாள், குரல் உயர்கிறதா தாழ்கிறதா, எதுவும் தெரியாது. கோயிலில் திரை போட்டிருக்கும்போது உள்ளே விளக்கு அசைகிறது தெரியுமே, அதைப் பார்த்து நிற்பது போல நின்றேன்.

வரி போனது. எதுவும் வரவில்லை. தூக்கிப் போட்டுவிட்டாள்.

"அடியே," என்றாள் சுகந்தி, "முழுப் பாடத்தையும் படிச்சிட்டாடி."

அதன் பிறகு தினமும் நடந்தது. அவள் படிப்பாள், எறிவாள், நான் இருப்பேன். கற்பித்தல் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் சொல்வது, கேட்பது, திருத்துவது. இங்கே எதையும் திருத்த முடியாது. அவள் தப்பாகப் படித்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருப்பது வேலையா என்று சில நாள் கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்த வரி வரும்போது எனக்குள் வந்த அமைதியை வேறெந்த வகுப்பிலும் நான் அறிந்ததில்லை.

ஆண்டு முடிவில் சிக்கல் வந்தது.

மேடம் என்னைக் கூப்பிட்டார். வினோதினியின் விடைத்தாள்கள் மேசையில் பரப்பியிருந்தன.

"எழுத்து அம்மா எழுத்து மாதிரி இருக்குன்னு நிர்வாகத்துல சொல்றாங்க. நான் இல்லன்னு சொல்லணும்னா, குழந்தை படிச்சிக் கேட்டிருக்கணும். நீ கேட்டிருக்கியா?"

"படிக்கிறா மேடம். தினமும் படிக்கிறா."

"கேட்டிருக்கியா?"

பச்சை வரியைப் பற்றி எப்படிச் சொல்வது?

மேடம் கெட்டவர் இல்லை. கண்டிப்பானவர், அவ்வளவுதான். மெதுவாகத்தான் சொன்னார். "படிக்கவே தெரியாத குழந்தைய மேல ஏத்திவிட்டா அது அந்தக் குழந்தைக்குப் பண்ற துரோகம். கேக்காம என்னால கையெழுத்துப் போட முடியாது. டி.சி. குடுத்து, இந்த மாதிரி குழந்தைங்களுக்கான பள்ளிக்கூடத்துல சேக்கச் சொல்லணும்னு முடிவு பண்ணியிருக்காங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன்."

வீடியோ காலில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. டாக்டர் வற்புறுத்தக் கூடாது என்றதை மட்டும் சொன்னேன்.

"ஒரு வரி படிச்சா போதும். அது வற்புறுத்தறதா?" என்றார் மேடம்.

புதன்கிழமை அந்த வீடியோ கால் நடந்தது. திரையில் முதலில் மின்விசிறி தெரிந்தது, பிறகு தனலட்சுமியின் காது, பிறகு தையல் மிஷின். தனலட்சுமி நல்ல புடவை கட்டியிருந்தார்.

"பாப்பா, மேடம் வந்துருக்காங்க பாரு. ஒரே ஒரு வரி படிச்சிடு கண்ணு. அப்பா சாயங்காலம் போட்ல கூட்டிக்கினு போவாரு."

போன் கட்டிலுக்கு அடியில் இறங்கியது. இருட்டு. ஒரு முழங்கால். அதன் மேல் புதைத்த தலை, இரட்டைப் பின்னல். பின்னலில் புது ரிப்பன்.

"படிம்மா வினோதினி," என்றார் மேடம், தன்னால் முடிந்தவரை மென்மையாக.

பின்னல் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் அழைப்பைத் துண்டித்துவிட்டேன். மேடத்தைக் கேட்காமல் துண்டித்துவிட்டேன். பயந்துகொண்டே நிமிர்ந்தேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் தனலட்சுமி போன் செய்தார்.

"டி.சி. குடுத்துடுவாங்களா மிஸ்?"

"தெரியலம்மா."

"இவ நல்லா படிக்கிறா மிஸ். எம்மேல ஆணையா நான் ஒரு எழுத்து எழுதல. நான் ஒன்பதாவது வரைக்கும் படிச்சதே பாதி மறந்துபோச்சி, இவதான் எனக்குச் சொல்லித்தரா. அடிச்சி உதைச்சாவது படிக்க வெக்கட்டுமா?"

"வேண்டாம். தயவுசெஞ்சி வேண்டாம். போன மட்டும் அவகிட்ட குடுத்துடுங்க."

அடுத்துச் செய்ததுதான் என்னை அதிகம் உறுத்தியது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறதை அந்தக் குழந்தையிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் பத்து வயதுகூட ஆகாத தோளில் ஒரு மூட்டை. சொல்லாவிட்டால், அவள் தலைக்கு மேல் அவளைப் பற்றியே முடிவெடுக்கிறோம், அவளுக்கே தெரியாமல். ஒளிந்து நின்று பார்ப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

"வினோ, நீ படிக்கிறத யாராவது கேட்டாத்தான் அஞ்சாவது போக முடியும்னு சொல்றாங்க. இல்லன்னா வேற பள்ளிக்கூடம். எனக்கு நீ நம்ம பள்ளிக்கூடத்துல இருக்கணும்னு ஆசை. உன்னால முடியலன்னாலும் எனக்கு உம்மேல கோபமில்ல. ரெண்டு மணிக்கு மேடம் ரூம்ல இருப்பேன். போன் என் கையில இருக்கும். மேடம் குறிச்சிருக்கிற பத்தி இதுதான்."

கடலாமை முட்டையிடக் கரைக்கு வருவதைப் பற்றிய பாடம். மேடம் ஒரு பத்தியைப் பென்சிலால் அடைப்புக்குறி போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டு மணிக்கு மேடத்தின் அறையில் உட்கார்ந்தேன். மேசையில் டி.சி. படிவம் நிரப்பி இருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. பக்கத்தில் பாடப்புத்தகம். மேடம் வேறு ஏதோ காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் தாள் எதையும் புரட்டவில்லை.

பச்சை வரி வந்தது.

வந்தது, போனது. மறுபடியும் வந்தது. உடனே போனது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. "என்ன?" என்றார் மேடம். "படிச்சிப் பாத்துக்கிறா மேடம்," என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் முறை வந்த வரி போகாமல் நின்றது. நான் மனத்துக்குள் அந்தப் பத்தியைப் படித்து முடித்தேன், வரி இருந்தது. இன்னொரு முறை படித்து முடித்தேன், இன்னும் இருந்தது. மறைந்தது.

குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது.

அதில் சிறிய வட்டத்துக்குள் 'ஒன்று' என்ற எண் இருந்தது. ஒரே ஒரு முறைதான் கேட்க முடியும் என்கிற பதிவு. கேட்டு முடித்ததும் அழிந்துவிடும். சேமிக்க முடியாது, வேறு யாருக்கும் அனுப்பவும் முடியாது. பெரியவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கட்டிலுக்கு அடியில் இருந்தவள் கண்டுபிடித்திருக்கிறாள். தூக்கிப் போடுவதற்கும் அனுப்புவதற்கும் நடுவில் இருக்கிற ஒரே இடம் அது.

அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: 'மிஸ் நீங்க மட்டும்.'

மேடம் கையை நீட்டினார். "வந்துடுச்சா? ஸ்பீக்கர்ல போடு."

போனை மார்போடு பிடித்துக்கொண்டேன். ஸ்பீக்கரில் போட்டால் வேலை முடிந்தது. அந்தக் குழந்தைக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை. ஐந்தாம் வகுப்பு, கையெழுத்து, தனலட்சுமியின் நிம்மதி, எல்லாம் ஒரு பொத்தான் தூரத்தில் இருந்தன. தனியாகக் கேட்டால் என் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. எழுத்தையே நம்பாதவர்கள் என் வார்த்தையை ஏன் நம்பப் போகிறார்கள்? அவள் நல்லதுக்காகத்தானே என்று ஒரு மனம். அவள் நல்லதை அவள்தான் எழுதி அனுப்பியிருக்கிறாளே என்று இன்னொரு மனம்.

"நான் மட்டும் கேக்கணும்னு எழுதியிருக்கா மேடம்."

"அப்ப நான் எத நம்பறது?"

நியாயமான கேள்வி. என் கைப்பையில் இயர்போன் இருந்தது, என் மகனின் பிஸ்கட் தூளோடு. அதை எடுத்து ஊதி மாட்டிக்கொண்டேன். பாடப்புத்தகத்தை மேசையில் விரித்து அவர் பக்கமாகத் தள்ளினேன்.

"அவ எங்க படிக்கிறாளோ அங்க விரல் வெக்கறேன் மேடம். நீங்க பாத்துக்கிட்டு இருங்க."

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். நான் பதிவை அழுத்தினேன்.

விரல் பத்தியின் தொடக்கத்தில் இருந்தது. அதை அவசரமாக எடுத்து மேலே கொண்டுபோனேன். அவள் பாட எண்ணிலிருந்து தொடங்கியிருந்தாள். பிறகு தலைப்பு. பிறகு விரல் படத்துக்குத் தாவியது, படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த வரிக்கு. அதையும் படித்தாள். மேடத்தின் புருவம் உயர்ந்தது. பென்சில் அடைப்புக்குறிக்குள் விரல் நுழைந்தது. முதல் வரி மெதுவாக, இரண்டாவது கொஞ்சம் வேகமாக. 'இனப்பெருக்கம்' என்ற சொல்லில் விரல் நின்றது. பின்னால் போனது. மறுபடியும் வந்து நின்றது. நின்ற விரலை மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அந்தச் சொல்லை ஒலியில்லாமல் எடுத்துக்கொடுத்தது. விரல் அதைத் தாண்டியதும் அவர் மூச்சு விட்டது எனக்குத் தெரிந்தது. ஆமை குழி தோண்டியது, முட்டையிட்டது, மணலை மூடியது. நான் எதையும் யோசிக்கவில்லை. அவள் போன இடத்துக்கெல்லாம் என் விரல் போனது.

பத்தி முடிந்தது. அடைப்புக்குறி மூடியிருந்தது. விரல் நிற்கவில்லை.

மேடம் அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் அசைத்தேன். அடுத்த பத்தி, அதற்கடுத்தது. பக்கத்தின் கடைசி வரிக்கு விரல் வந்துவிட்டது. ஒரு கையில் போன், மறு கை வரியில். என்ன செய்வதென்று தெரியாமல் நான் விழித்தபோது மேடம் கையை நீட்டி எனக்காகப் பக்கத்தைத் திருப்பினார்.

பாடத்தின் முடிவு வரை படித்தாள். பதிவு முடிந்து, இருந்த இடம் தெரியாமல் போனது. நான் இயர்போனைக் கழற்றினேன்.

மேடம் டி.சி. படிவத்தை இரண்டாக மடித்து இழுப்பறைக்குள் போட்டார். வேறொரு தாளை எடுத்து, 'வாசிப்பு: நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மூடியைப் பேனாவில் மாட்டிய பிறகு, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குரல் எப்படி இருக்கு?"

சொல்ல வேண்டும் போல்தான் இருந்தது. அந்த அறையில், அந்த நேரத்தில், அதைவிட நான் சொல்ல விரும்பியது வேறெதுவும் இல்லை.

"நான் சொல்லக் கூடாது மேடம்."

மேடம் சிரித்தார். "சரி. எனக்கு அவளே அனுப்பட்டும்."

இன்னும் அனுப்பவில்லை. ஐந்தாம் வகுப்புப் பாதி முடிந்துவிட்டது, அவள் இன்னும் பள்ளிக்கு வரவில்லை. எனக்கு மட்டும் எப்போதாவது வட்டத்துக்குள் எண் போட்ட பதிவு ஒன்று வரும். நான் செய்ததெல்லாம் சரியா, அவளைச் சீக்கிரம் வெளியே கொண்டுவர வேறு வழி இருந்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன். நான் போகிறேன், நீங்கள் வருகிறீர்கள் என்பதை அவளிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் என்னைக் கேட்பீர்கள் என்று தெரியும். சுகந்தி அரை வருடமாகக் கேட்கிறாள், பஜ்ஜி வாங்கிக்கொடுத்தும் கேட்டுப் பார்த்தாள். வினோதினியின் குரல் எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.